முதலில் ஓரத்தைப் பார்: மாணவர்களுக்கு போட்டோ ஃபிரேமிங் (படத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது) – கேள்வி பதில்

தண்டையார்பேட்டை ஆசிரியை: போன் திரையில் கிரிட் என்கிற கட்டக்கோடுகளைப் போட்டு, ஆளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வைக்கிற விதியைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி படம் எடுக்கிறார்கள் சார்.

கிரிட்டைக் கொஞ்ச நாள் அணைத்து வைக்கச் சொல்லுங்கள் டீச்சர். ஆளை எங்கே வைப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம், எதைத் தள்ளுவது என்பதுதான் முதல் பாடம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டும் அக்காவை ஒரு பையன் எடுக்கிறான் என்று வையுங்கள். அவர் தலைக்கு மேல் கொம்பு முளைத்த மாதிரி படகுக் கம்பம், இடது மூலையில் யாரோ ஒருவரின் பாதி பைக். பையன் கண் கத்தியிலேயே இருப்பதால் இரண்டும் அவனுக்குத் தெரியாது. பட்டனை அழுத்துமுன் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பார்க்கப் பழக்குங்கள். ஓரடி நகர்ந்து குந்தினால் கம்பம் விலகும், பின்னால் படகின் நீலப் பலகை மட்டும் நிற்கும். ஜூம் கூடாது, கால்தான் நகர வேண்டும். அந்த அக்காவிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும். ஏல நேரத்தில் குறுக்கே நின்றால் திட்டு விழும், அது நியாயமான திட்டு.

கல்லூரி மாணவர்: அண்ணா, காலையில் காசிமேட்டில் எடுத்தால் எல்லாரும் கருப்பாக விழுகிறார்கள்.

நமக்குக் கடல் கிழக்கே தம்பி, சூரியன் நேரே லென்ஸுக்குள் வருகிறது. முகம் வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி நில். இல்லையென்றால் கருப்பையே பயன்படுத்து: திரையில் வானத்தைத் தொட்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, இன்னும் குறை. ஒன்று கவனி, இரண்டு பேர் ஒட்டி நின்றால் நிழலுருவில் ஒரே கட்டியாகிவிடுவார்கள். கூடை தூக்குபவரின் கைக்கும் உடம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்வரை பொறு.

பள்ளி மாணவி: ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள் மேலே போகப் போகச் சாய்கின்றனவே?

1856-லிருந்து நேராகத்தான் நிற்கின்றன! போனை அண்ணாந்து பிடிப்பதால் வருகிற சாய்வு அது. பின்னால் போய், போனைச் செங்குத்தாகப் பிடித்து எடு. கீழே வரும் வெற்றுத் தரையைக் கிராப் செய்துவிடு.

பெரம்பூர் அம்மா ஒருவர்: பையனுக்குப் பெரிய கேமரா வாங்கித் தரணுமா?

இப்போதைக்கு வேண்டாம். போனில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 புள்ளிகள். நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினாலும் 3 மெகாபிக்சல் மிஞ்சும், சின்ன பிரிண்டுக்குப் போதும்.

அதே ஆசிரியை: மார்க் எப்படிப் போடுவது?

படத்துக்குப் போடாதீர்கள், மாற்றத்துக்குப் போடுங்கள். ஒரே பொருளை எடுத்த முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, எதை ஏன் நீக்கினாய் என்று கேளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை ‘எல்’ வடிவில் இரண்டாக வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு சட்டம் போல பிரிண்ட் மேல் வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு வெட்டலாம் என்று அவர்களே சண்டை போட ஆரம்பிப்பார்கள்.