ஒன்பதாவது படியில் அடைப்பு

வணக்கம் மேடம். மதுரையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். அனாட்டமியில் கண்ணால் பார்க்க ஏதோ இருக்கிறது. பயோகெமிஸ்ட்ரியில் வெறும் அம்புக்குறிகள்தான். குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைகாலிசிஸின் பத்து என்சைம்களையும் இன்டர்னலுக்கு முந்தைய இரவு நெட்டுருப் போட்டேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிட்டது. வார்டில் நோயாளி பார்க்கும் டாக்டருக்கு ஈனோலேஸ் என்ற பெயர் எதற்காவது உதவுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
ர.

அன்புள்ள ர.,

நல்லவேளை, ஈனோலேஸைக் கேட்டீர்கள். சர்க்கரை பார்க்க ரத்தம் எடுக்கும் சாம்பல் நிற மூடி ட்யூபை அடுத்த முறை கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளே கொஞ்சம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது சோடியம் ஃப்ளோரைடும் பொட்டாசியம் ஆக்ஸலேட்டும். ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும். ஃப்ளோரைடு போய் முடக்குவது உங்கள் ஈனோலேஸை.

எதற்கு முடக்க வேண்டும்? ட்யூபுக்கு வந்த பிறகும் சிவப்பணுக்கள் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது, ஆகவே அதற்குள் நடக்கும் க்ரெப்ஸ் சுழற்சிக்கு வழியில்லை. ஒரு குளுக்கோஸை லாக்டேட்டாக்கிக் கிடைக்கும் இரண்டு ஏடிபியில்தான் (செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு) பிழைப்பு. வெறும் ட்யூபில் அறை வெப்பநிலையில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு ஒரு மணி நேரம் கழித்து 122 என்று வரும். 126-ஐத் தொட்டால்தான் சர்க்கரை நோய்க் கணக்கு. மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

சரி, ஃப்ளோரைடு போட்டாயிற்றே, இனி குறையாதா என்றால், குறையும்! முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட அதே வேகத்தில் குறையும். நீங்கள் சலித்துக்கொண்ட அம்புக்குறிகளுக்கு இங்கேதான் வேலை. ஈனோலேஸ் ஒன்பதாவது படி. குளுக்கோஸைப் பிடித்து இழுப்பது முதல் படியில் இருக்கும் ஹெக்சோகைனேஸ். கீழே அடைத்தது மேலே உடனே தெரியாது. பாதையின் கடைசியில் வரும் பைருவேட் வராது, அதனால் அதிலிருந்து லாக்டேட் உருவாகாது. லாக்டேட் உருவாகாவிட்டால் ஆறாம் படிக்குத் தேவையான என்ஏடி திரும்பக் கிடைக்காது, அந்தப் படி படுத்துவிடும். அதோடு ஏழாம் படியில் வரவேண்டிய ஏடிபியும் போச்சு. ஹெக்சோகைனேஸ் ஓடவும் ஏடிபி வேண்டும்; கையிருப்பு தீர்ந்து அது ஓய்ந்த பிறகுதான் குளுக்கோஸ் குறைவது நிற்கும். அதனால்தான் ட்யூபை ஐஸில் வைத்து, சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிக்கச் சொல்கிறார்கள். சிட்ரேட் கலந்து ரத்தத்தை அமிலமாக்கும் ட்யூப்களும் உண்டு. அமிலத்தில் ஹெக்சோகைனேஸே முடங்கும் என்பதால் அங்கே இந்தத் தாமதம் இல்லை.

1930களில் இந்தப் பாதையைத் துப்புத் துலக்கிய எம்ப்டன், மேயர்ஹாஃப் காலத்து ஆட்களுக்கும் ஃப்ளோரைடு கைகொடுத்தது. தசைச் சாற்றில் அதைப் போட்டால், ஈனோலேஸுக்கு முன்னால் வரும் ஃபாஸ்போகிளிசரேட் தேங்கியது. அடைப்பு எங்கே என்று அதை வைத்துத்தான் பிடித்தார்கள்.

நீங்களும் அப்படியே படியுங்கள். ஏதாவது ஒரு என்சைமை விரலால் மூடிக்கொண்டு, மேலே எது தேங்கும், கீழே எது வற்றும் என்று எழுதிப் பாருங்கள். பத்தாம் படியின் பைருவேட் கைனேஸ் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்குச் சிவப்பணு ஏன் சீக்கிரம் உடைகிறது என்பது தானாகவே வந்துவிடும். பத்துப் பெயர்களையும் பரீட்சைக்கு எழுதத்தான் வேண்டும், அதிலிருந்து உங்களைக் காப்பாற்ற என்னால் முடியாது.

அப்புறம், வைவாவில் கேட்கக்கூடிய ஒன்று: அதே சாம்பல் மூடி ட்யூபில் பொட்டாசியம் பார்க்க அனுப்பினால் லேபில் ஏன் திட்டுவார்கள்? விடை மேலேயே இருக்கிறது.