பல சப்நெட்டுகள் உள்ள அலுவலகத்துக்கு ஒரே டிஎச்சிபி சர்வர் போதுமா?

போதும். வலைப்பின்னலில் சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்குவதுதான் டிஎச்சிபி சர்வர்; சப்நெட் என்பது வலைப்பின்னலின் ஒரு பிரிவு. ஊழியர் கணினிகள், ஐபி தொலைபேசிகள், பிரிண்டர்கள், விருந்தினர் வைஃபை என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் நான்கு சப்நெட்டுகளுக்கும் ஒரே சர்வர் தாராளமாகப் போதும். சப்நெட்டுக்கு ஒன்றாக நான்கு சர்வர்கள் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். கருவிகளுக்குச் சொல்லும் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை மாற்ற வேண்டிய நாளில் நான்கில் ஒன்று விடுபட்டுப்போகும், பிறகு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பிராட்காஸ்ட் (எல்லாருக்குமாக அனுப்பும் செய்தி) ரவுட்டரைத் தாண்டாதே, சர்வருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற உங்கள் சந்தேகம் சரியானது. இன்னும் முகவரி கிடைக்காத கணினி, 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்குத் தன் முதல் கோரிக்கையை அனுப்புகிறது. அது அந்த வி-லேனுக்குள்ளேயே (சுவிட்சில் பிரித்த தனி வலைப்பின்னல், இங்கே சப்நெட்டுக்கு ஒன்று) நின்றுவிடும். இதற்கான தீர்வு டிஎச்சிபிக்கும் முந்தியது. 1985-இல் வந்த பூட்-பி நெறிமுறையின் செய்தியிலேயே, கோரிக்கையைக் கடத்தும் கருவியின் முகவரியை எழுத 'ஜிஐ-அட்ரஸ்' என்ற புலம் இருந்தது. 1993-இல் வந்த டிஎச்சிபி அதே செய்தி வடிவத்தை எடுத்துக்கொண்டது. வி-லேன்களை இணைக்கும் லேயர் 3 சுவிட்சில் (ரவுட்டர் வேலையும் செய்யும் சுவிட்ச்) ரிலேயை (கோரிக்கையைச் சர்வருக்குக் கடத்தும் வசதி) இயக்கி, ஒவ்வொரு வி-லேன் இடைமுகத்திலும் சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால் (சிஸ்கோவில் இதற்கான கட்டளை 'ஐபி ஹெல்பர்-அட்ரஸ்'), சுவிட்ச் அந்தக் கோரிக்கையை வாங்கி, ஜிஐ-அட்ரஸ் புலத்தில் தன் இடைமுக முகவரியை எழுதி, நேராக சர்வருக்கு அனுப்பும். கடிதத்தில் அனுப்பியவர் முகவரி இல்லாவிட்டாலும், தபால் முத்திரையைப் பார்த்து எந்த ஊர் என்று தெரிந்துகொள்வதைப் போன்றது இது.

இந்தப் புலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. வி-லேன் எண் என்னவென்று சர்வருக்குத் தெரியாது. ஜிஐ-அட்ரஸ் 10.20.30.1 என்றிருந்தால், அந்த முகவரி எந்த ஸ்கோப்பின் (சர்வரில் ஒரு சப்நெட்டுக்கு ஒதுக்கிய முகவரித் தொகுப்பு) சப்நெட்டுக்குள் வருகிறது என்று பார்த்து அதிலிருந்து ஒரு முகவரியை எடுத்துக் கொடுக்கும். அப்படியொரு ஸ்கோப் இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடும். பதிலும் கணினிக்கு நேராகப் போவதில்லை, 10.20.30.1-க்குத்தான் திரும்புகிறது. எனவே சர்வரிலிருந்து அந்த முகவரிக்குத் திரும்பும் வழி இருந்தாக வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் இடம் லீஸ் (முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்து வைப்பது) புதுப்பிப்பு. லீஸ் காலத்தில் பாதி கடந்ததும் கணினி தன் முகவரியைப் புதுப்பிக்கக் கேட்கும். இப்போது அதனிடம் முகவரி இருப்பதால் ரிலேயை நாடாமல் சர்வரிடமே நேரடியாகப் பேசும். விருந்தினர் வைஃபைக்கும் சர்வருக்கும் நடுவில் ஃபயர்வால் இருந்து, அது ரிலேயின் பாக்கெட்டுகளை மட்டும் அனுமதித்தால், முதல் முகவரி ஒழுங்காகக் கிடைக்கும், புதுப்பிப்பு தோற்கும். விண்டோஸ் சர்வரின் இயல்பான லீஸ் 8 நாள். 4-ஆம் நாளில் தொடங்கும் முயற்சிகள் பலிக்காமல், 87.5 சதவீதக் கட்டமான 7-ஆம் நாளில் கணினி மீண்டும் பிராட்காஸ்ட் செய்யும். அது ரிலே வழியாகப் போய் வெற்றி பெற்றுவிடும். பயனர் யாரும் புகார் சொல்ல மாட்டார், கோளாறு அப்படியே மறைந்து கிடக்கும். கிளையண்டுகளிலிருந்து சர்வரின் டிஎச்சிபி போர்ட்டான யுடிபி 67-க்கு நேரடி அனுமதி கொடுங்கள்.

அந்த 8 நாள் மேசைக் கணினிகளுக்குப் பொருத்தம், விருந்தினர் வைஃபைக்குப் பொருந்தாது. ஒரு /24 சப்நெட்டில் பயன்படுத்தத்தக்க முகவரிகள் 254. காலையில் வந்து மதியம் போய்விட்டவரின் கைபேசி அதிலொன்றை ஒரு வாரத்துக்குப் பிடித்து வைத்திருக்கும். அங்கே லீஸைச் சில மணி நேரமாகக் குறையுங்கள். நெரிசல் அதிகமென்றால் 1022 முகவரிகள் தரும் /22-க்கு மாறுங்கள்.

பிரிண்டர்களுக்கு அந்தந்தக் கருவியிலேயே நிலையான முகவரியைத் தட்டச்சு செய்யும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சர்வரில் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் அடையாள எண்) வைத்து, அந்தக் கருவிக்கென ஒரு ஐபி முகவரியை ரிசர்வேஷன் செய்யுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். கைபேசிகளுக்கு மட்டும் இந்த முறையை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் அவை வைஃபை வலைப்பின்னலுக்கு ஒன்றாகத் தற்செயல் மேக் முகவரியைத்தான் இயல்பாகக் காட்டுகின்றன.

ஒரே சர்வர் என்றால் அது படுத்துவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். அதே ஸ்கோப்புகளைப் பகிரும் துணை சர்வர் ஒன்றை வைத்து, ரிலேயில் இரண்டின் முகவரியையும் கொடுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இந்த வசதி உள்ளிருக்கிறது. லினக்ஸில் கியா என்ற டிஎச்சிபி மென்பொருள் அதைச் செய்யும். பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி மென்பொருளைப் புதிதாக நிறுவ வேண்டாம், 2022-இன் இறுதியோடு அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கையும் (நம்பிக்கையற்ற போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைத் தடுக்கும் வசதி) இயக்கிவிடுங்கள். யாரேனும் வீட்டு வைஃபை ரவுட்டரைச் சுவர் போர்ட்டில் செருகினால், தூரத்திலுள்ள உங்கள் சர்வரை அது முந்திக்கொண்டு தவறான முகவரிகளை வழங்கிவிடும்.

எல்லாம் செய்த பிறகும் ஏதாவது கணினி 169.254 என்று தொடங்கும் முகவரியை (டிஎச்சிபி பதில் கிடைக்காதபோது தானே வைத்துக்கொள்வது) காட்டினால், சர்வரில் போர்ட் 67-இல் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பாருங்கள். கோரிக்கையே வரவில்லையா, ரிலேயை அல்லது வழியிலுள்ள ஃபயர்வாலைப் பாருங்கள். வந்தும் சர்வர் பதில் தரவில்லையா, ஸ்கோப் இல்லை அல்லது நிரம்பிவிட்டது. பதில் கிளம்பியும் கணினிக்குப் போகவில்லையா, ஜிஐ-அட்ரஸுக்குத் திரும்பும் வழியைச் சோதியுங்கள்.