முதல் ஓட்டு

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களில் பலர் முதன்முறையாக ஓட்டுப் போடப் போகிறவர்கள். “யார் வந்தாலும் ஒண்ணும் மாறாது சார்” என்கிறார்கள். ஜனநாயகக் கடமை பற்றி எவ்வளவோ பேசிவிட்டேன், பலனில்லை. இவர்களுக்கு அரசியலில் எப்படி ஆர்வம் வரவழைப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் கடமைப் பேச்சை நிறுத்துங்கள். உங்கள் மாணவர்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லை என்று நான் நம்பவில்லை. தேர்வுக் கட்டணம் ஏறினால் கொதிக்கிறார்கள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். அந்தக் கோபம் ஓட்டுப் பெட்டி வரை போய்ச் சேரும் வழியை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

நீங்கள் காட்டுங்கள். கட்டணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதை ஏற்றியது எந்தக் குழு? அந்தக் குழுவை நியமித்தது யார்? கல்விக்கு எந்த பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினார்கள், அதற்கு ஆதரவாக வாக்களித்த உறுப்பினர்கள் யார் யார்? மாணவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். தேடிக்கொண்டே போனால் சில பெயர்களில் வந்து நிற்பார்கள். அதில் சிலர் அடுத்த தேர்தலில் அவர்களிடமே ஓட்டுக் கேட்டு வருவார்கள். அப்புறம் “ஒண்ணும் மாறாது” என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வராது. எந்தக் கட்சி நல்லது என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆஸ்திரியா 2007-இல் ஓட்டுரிமை வயதை 16 ஆக்கியது. அங்கே 16, 17 வயதுக்காரர்கள் 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களைவிட அதிகமாக ஓட்டுப் போட்டதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். சின்னவர்கள் பெற்றோருடன் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். தேர்தல் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. 18 வயதுக்கு மேல் படிப்புக்கும் வேலைக்கும் ஊர் மாறிவிடுகிறார்கள். பெயர் பழைய முகவரியில் இருக்கும், அல்லது பட்டியலிலேயே இருக்காது. நாம் அலட்சியம் என்று திட்டுவதில் பாதி இந்த அலைச்சல்தான் என்பது என் எண்ணம்.

ஓட்டுப் போடுவதும் ஒரு பழக்கம். முதல் தேர்தலில் போட்டவர்கள் அடுத்ததிலும் போட வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு வகுப்பை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைத் தேடட்டும்; இல்லாதவர்கள் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பிக்கட்டும். பெரும்பாலான இடங்களில் பெயர் சேர்க்கும் கெடு தேர்தலுக்கு முன்பே முடிந்துவிடும். இந்த வாரமே செய்துவிடுங்கள்.