எந்த மாநிலத்தில் குடும்பத்துக்கு வரிச்சுமை அதிகம்? கேள்வி பதில்

கேள்வி: சென்னையிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிறேன். என் வருமான வரி கூடுமா?

பதில்: கூடாது. வருமான வரி மத்திய அரசுடையது. நாடு முழுவதும் ஒரே விகிதம்தான். ஜிஎஸ்டியும் அப்படியே. சம்பளத்தில் தெரியக்கூடிய ஒரே வேறுபாடு, வேலை பார்ப்போரிடம் சில மாநிலங்களில் மட்டும் வாங்கப்படும் தொழில்வரி. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவின்படி அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. டெல்லியில் தொழில்வரியே இல்லை.

கேள்வி: ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூரில் வேலை பார்க்கிறேன். தொழில்வரி எங்கே கட்ட வேண்டும்?

பதில்: வேலை பார்க்கும் இடத்தில். கர்நாடகத்தில் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் வாங்குபவரிடம் நிறுவனமே மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய் பிடித்துச் செலுத்திவிடும். பழைய வருமான வரி முறையில் இந்தத் தொகையைக் கழித்துக் காட்டலாம். புதிய முறையில் முடியாது.

கேள்வி: அப்படியானால் மாநிலங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் சம்பளச் சீட்டில் தேடினால் கிடைக்காது, பத்திரப் பதிவு அலுவலகத்தில் தேடுங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் கட்டணம் 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு இவை 5,40,000 ரூபாய். டெல்லியில் அதே மதிப்புள்ள வீட்டை மனைவி பெயரில் வாங்கினால் இவை கணிசமாகக் குறையும். ஆண் பெயரில் என்றால் அங்கே முத்திரைக் கட்டணம் கூடுதல். மனைவி பெயரில் வாங்கும்போது தமிழ்நாட்டோடு வரும் வித்தியாசம், உச்ச வரம்பான 2,500 ரூபாய் வீதம் பல பத்தாண்டுகள் தொழில்வரி கட்டுவதற்குச் சமம். (அந்த விலைக்கு டெல்லியில் எத்தனை சதுர அடி கிடைக்கும் என்பது வேறு கதை.) தமிழ்நாட்டிலும் பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை 2025 ஏப்ரல் முதல் உண்டு; ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், நகரத்தில் வீடு வாங்கும் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் எட்டாது.

கேள்வி: பெட்ரோல்?

பதில்: பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் மாநிலங்கள் தத்தம் மதிப்புக்கூட்டு வரியை (வாட்) விதிக்கின்றன. தமிழ்நாட்டில் 13 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 11.52 ரூபாய், கர்நாடகம் 2024 ஜூனில் 29.84 விழுக்காடாக உயர்த்தியது. ஆனாலும் மாதம் 50 லிட்டர் போடுபவருக்கு, லிட்டருக்கு 2 ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 1,200 ரூபாய்தான். அதற்காக மாநிலம் மாறுவது வீண்.

கேள்வி: காரையும் கொண்டுபோக வேண்டும். மறுபடி வரி கட்ட வேண்டுமா?

பதில்: வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் ஓட்டுவதானால் மறுபதிவு செய்து அங்குள்ள சாலை வரியைக் கட்ட வேண்டும், முன்பு மொத்தமாகக் கட்டிய சாலை வரியில் (ஆயுள் வரி) எஞ்சியதைப் பழைய மாநிலத்திடம் நீங்களாகத்தான் கேட்டுப் பெற வேண்டும். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான காருக்குத் தமிழ்நாடு 2023 நவம்பர் முதல் 18 விழுக்காடு வாங்குவதால், எஞ்சிய தொகை சிறியதல்ல, விட்டுவிடாதீர்கள். இனி புதிய கார் வாங்குவதாக இருந்து, நீங்கள் அரசு ஊழியராகவோ நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் உள்ள நிறுவனத்தின் ஊழியராகவோ இருந்தால், மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021இல் வந்த பிஎச் (BH, பாரத்) வரிசைப் பதிவைக் கேளுங்கள்; அதில் ஆயுள் வரிக்குப் பதிலாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரி கட்டினால் போதும்.