எங்கள் கல்லூரியில் டெபியன் லினக்ஸுக்கு மிரர் (அதன் மென்பொருள் காப்பகத்தின் நகலைத் தரும் சர்வர்) வைக்கலாமா? ஹார்ட் டிஸ்கும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதுமா?

போதாது. தினமும் அதை எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஒரு பொறியியல் கல்லூரியில் டெபியன் மிரரைப் பார்த்துக்கொள்ளும் லேப் அட்மின் நான். நீங்கள் இன்னும் மேனேஜ்மென்ட்டிடம் பேச்சை எடுத்திருக்க மாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இடத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். முழுக் காப்பகம் பல டெராபைட் வரும், ஆனால் எல்லா ஆர்க்கிடெக்சரையும் (பிராசசர் வகையையும்) வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. நாங்கள் ஏஎம்டி64, ஏஆர்எம்64 இரண்டோடு நிறுத்திக்கொண்டோம்.

'ஒரு வரி ஆர்சிங்க், கிரானில் போடு, வேலை முடிந்தது' என்று எழுதுகிறார்களே, அதாவது கோப்புகளை நகலெடுக்கும் ஒரு கட்டளையைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவிட்டால் போதும் என்று, அதை நம்பாதீர்கள். டெபியன்காரர்களே தரும் எஃப்டிபிசிங்க் ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது முதலில் பேக்கேஜ் கோப்புகளை இறக்கிவிட்டு, அப்புறம்தான் அட்டவணைகளை (என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்ற பட்டியல்களை) மாற்றும். பழையதைக் கடைசியில் அழிக்கும். இந்த வரிசை தப்பினால், அட்டவணையில் பெயர் இருக்கும், கோப்பு வந்திருக்காது. அந்த நேரம் பார்த்து ஆப்ட் (பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) போட்டவர் உங்களைத்தான் திட்டுவார். டெபியன் ஒரு நாளைக்கு 4 முறை புதுப்பிக்கிறது. காலையில் வந்ததும், கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று பதிந்திருக்கும் ட்ரேஸ் கோப்பைத் திறந்து தேதியைப் பாருங்கள். நேற்றைய தேதியிலேயே நின்றால் ஏதோ கோளாறு.

'சிடிஎன் (பல ஊர்களில் சர்வர் வைத்துக் கோப்புகளை வேகமாகத் தரும் சேவை) இருக்கும்போது இது எதற்கு?' என்று கமெண்ட்டில் வருவீர்கள், தெரியும். எங்கள் கம்பைலர் டிசைன் பிராக்டிகல் அன்று சாலையில் குழி தோண்டியவர்கள் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். அப்போதுதான் புதிதாக ஓஎஸ் போட்ட கணினிகள். பிராக்டிகலுக்குத் தேவையான ஃப்ளெக்ஸும் பைசனும் இல்லை. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஆப்ட் எங்கிருந்து இறக்க வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் கோப்பில் எங்கள் மிரரின் உள் ஐபிதான் இருந்தது, அதனால் லேப் முழுக்க அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஏறிவிட்டது. எந்த சிடிஎன் வந்து காப்பாற்றியிருக்கும்?

'மிரர் வைப்பவர் வைரஸைச் சேர்த்துவிட்டால்?' என்பார் இன்னொருவர். காப்பகத்தின் ரிலீஸ் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, அதன் வழியே ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்ணையும்) ஆப்ட் சரிபார்க்கிறது. நான் ஒரு பைட்டை மாற்றினாலும் அது ஏற்காது.

மேனேஜ்மென்ட் கேட்ட முதல் கேள்வி, 'இதில் நமக்கு என்ன வருமானம்?' அடுத்தது, மிரரின் முகப்பில் அட்மிஷன் பேனர் போடலாமா என்பது. மிரரை டெபியனிடம் பதியும் படிவத்தில் ஸ்பான்சர் பெயர் கேட்பார்கள், அங்கே கல்லூரி பெயர் வரும் என்று சொல்லித்தான் சமாளித்தேன். பேனருக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியை லேப் ஸ்டாஃப் மேல் காட்டலாம். புரொஜெக்டர் கேபிள் கழன்றாலும் நாங்கள், பிரிண்டருக்கு டோனர் தீர்ந்தாலும் நாங்கள், தேர்வு ஹாலுக்கு ஆள் குறைந்தாலும் நாங்கள். இன்கிரிமென்ட் மட்டும் 'டீச்சிங் ஸ்டாஃபுக்கு முதலில்'. சரி, அது வேறு கதை.

முதல் செமஸ்டர் முழுக்க உள் நெட்வொர்க்குக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு பதிவு செய்யலாம். படிவத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள், துறைக்கு ஒரு பொது முகவரி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போன பிறகும் 'உங்கள் மிரர் பழசாகிவிட்டது' என்ற கடிதம் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும்.