ஹிக்கரி வில்லின் முதுகு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தக்கலைக்கு அருகே வசிக்கிறேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஹிக்கரி மரத்தடி ஒன்றைப் பிளந்து, ஆறடி நீளக் கட்டையொன்றைப் பட்டையோடு காயவைத்திருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது அதைக் கொண்டுவருவார். இருவரும் சேர்ந்து வில் செய்ய ஆசைப்படுகிறோம். பட்டையை அங்கேயே உரிப்பதா, இங்கே வந்த பிறகா? எங்கள் ஊர் ஆசாரி முதுகுப் பக்கத்தை இழைத்து மட்டமாக்கித் தருவதாகச் சொல்கிறார். ஒரே ஆண்டு வளையம் தெரியும்வரை செதுக்க வேண்டும் என்றும் படித்தேன். கோயில் கொடைகளில் நான் பார்த்த வில்லுப்பாட்டு வில், பனையில் செய்தது, வழுவழுப்பாகத்தான் இருந்தது. எது சரி?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

ஆசாரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: முதுகில் இழைப்புளி படவே கூடாது. நாணை இழுக்கும்போது, எய்பவரை நோக்கியிருக்கும் வயிற்றுப் பக்கம் நெருக்குண்கிறது. இலக்கை நோக்கியிருக்கும் முதுகுப் பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவிசை மிக அதிகமாக விழுவது முதுகின் மேற்பரப்பிலுள்ள இழைகளின் மீதுதான். நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடும் இழை அதைத் தாங்கிவிடும். ஆனால் மரத்தின் பட்டைக்கடியிலுள்ள பரப்பு இயல்பிலேயே சிறிது மேடும் பள்ளமுமாக இருப்பதால், அதை மட்டமாக்க முனைந்தால் ஒவ்வொரு மேட்டிலும் இழைகள் அறுபட்டு, அவற்றின் வெட்டுவாய்கள் மேற்பரப்பில் வந்து நிற்கும். சிலாம்பு கிளம்புவதும் அங்கேதான், வில் ஒடிவதும் அங்கேதான். ஆசாரியின் கைத்திறன் உங்களுக்கு வயிற்றுப் பக்கத்தில் வேண்டும். வில்லை வளையச் செய்யும் வேலை முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது. ஓரிடத்தில் கனம் பாதியானால் அங்கே விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதால், அங்கே அவர் காட்டவேண்டிய நிதானம் சாதாரணமானதல்ல.

ஒரே வளையத்தைத் தேடிச் செதுக்குவது ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரங்களுக்கான முறை. அவற்றில் வெளிப்புற வெள்ளை மரத்தை நீக்கிவிட்டு, உள்ளேயிருக்கும் கெட்டியான நடுமரமான வைரத்தில் ஒரு வளையத்தைப் பிடித்து, அதை நுனிமுதல் நுனிவரை வெட்டாமல் பின்தொடர்வார்கள். ஹிக்கரிக்கு அந்தப் பாடு வேண்டியதில்லை. அதன் வெள்ளை மரமே இழுவிசையைத் தாங்குவதில் பெயர்பெற்றது. பட்டைக்குக் கீழே, மரம் கடைசியாக வளர்த்த அடுக்கே வில்லுக்கு முதுகாகிவிடும். அந்த அடுக்கைப் பூச்சி அரித்திருந்தாலோ அது உளுத்திருந்தாலோ மட்டும் அடுத்த வளையத்துக்கு இறங்குங்கள். அப்போது ஒவ்வொரு ஆண்டும் பருவத் தொடக்கத்தில் வளரும், நுண்துளைகள் நிறைந்த முன்பருவ அடுக்கு முழுவதையும் நீக்கி, அதன் கீழுள்ள இறுகிய மரத்தில் நின்றுவிட வேண்டும்.

இனி பட்டை. மரத்தில் நீரோட்டம் மிகுந்திருக்கும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் வெட்டினால், ஹிக்கரிப் பட்டை கையோடு உரிந்து, சுத்தமான முதுகு தானாகக் கிடைக்கும். (அதே பருவத்தில் உரித்த உட்பட்டையைக் கொண்டுதான் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நாற்காலி இருக்கைகள் பின்னுகிறார்கள்; அவ்வளவு உறுதியான நார் அது.) உங்கள் அண்ணனின் கட்டை பட்டையோடு காய்ந்துவிட்டதால் இப்போது இரண்டு கட்டமாகத்தான் எடுக்க முடியும். கரடுமுரடான வெளிப்பட்டையை இருபுறமும் பிடியுள்ள இழுப்புக் கத்தியால் தயங்காமல் சீவலாம். நாராக இருக்கும் உட்பட்டை வந்ததும் கை மெதுவாக வேண்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் தடியில் காயம் படாதபடி மெல்லிய படலத்தை விட்டு நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். இழுப்புக் கத்தியையும் அதே அளவில் நிறுத்துங்கள். மிஞ்சிய படலத்தின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் போட்டு வைத்தால் அது இளகும். பிறகு கூரில்லாத தகட்டால், நீளவாக்கில் மட்டும் சுரண்டி எடுங்கள். பழுப்பு நிறம் போய் வெளிர்நிற மரம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு நாள் முழுவதும் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

கணு இருக்கும் இடங்களில் இழைகள் அதைச் சுற்றி வளைந்து ஓடும். அந்த மேட்டை அப்படியே விட்டுவிடுங்கள். முதுகின் இரு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள், ஏனென்றால் கூரான விளிம்பிலிருந்துதான் சிலாம்பு முதலில் எழும்பும். அரம் குறுக்கே போட்ட கோடு ஒன்றுகூட மிஞ்சாதபடி உப்புத்தாளை நீளவாக்கில் போடுங்கள்.

சிறு பிழைகளை ஹிக்கரி மற்ற மரங்களைவிட அதிகமாகப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அறுத்த பலகையிலும் அதில் வில் செய்கிறார்கள். வேறு மரத்து வில்லுக்கு முதுகுப் பட்டையாகவும் அதை ஒட்டுகிறார்கள். இருந்தாலும், பிளந்த கட்டையில் இழை முழுதாகக் கிடைத்திருக்கும்போது அதை வெட்டி வீணாக்குவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

வில்லுப்பாட்டு வில்லை இதற்கு அளவாகக் கொள்ளாதீர்கள். அது தட்டி ஒலியெழுப்புவதற்காகக் கட்டியது. அம்பு எய்யும் அளவுக்கு அதை யாரும் வளைப்பதில்லை. பனைக்கு ஆண்டு வளையமும் கிடையாது. அதன் வலிமையெல்லாம் தடியின் வெளிப்புறத்தில்தான் திரண்டிருக்கிறது. பனையில் எய்யும் வில் செய்வதாக இருந்தாலும் அந்த வெளிப்புறத்தையே முதுகாக வைத்துக்கொள்வேன்.

பட்டையை டென்னசியிலேயே உரித்துவிடச் சொல்லுங்கள். பட்டைக்கடியில் வண்டுகள் தங்கும். வெளிநாட்டு மரம் நம் நாட்டுக்குள் வருவதை 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை கட்டுப்படுத்துவதால், என்ன சான்றிதழ் வேண்டும் என்பதையும் அண்ணன் புறப்படுமுன் விசாரிக்கட்டும். உரித்த அன்றே முதுகுக்கும் இரு முனைகளுக்கும் அரக்குப் பூச்சு கொடுக்க வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால், பூசாத மரம் வெளிப்புறம் மட்டும் வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும். ஊருக்கு வந்தபின் கவலை வேறு. ஹிக்கரி காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் வாங்கிக்கொள்ளும். ஈரமேறினால் முதுகு தாக்குப்பிடித்தாலும் வயிறு நசுங்கி, நாணை அவிழ்த்த பிறகும் வில் வளைந்தே நிற்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் இதற்கு வழி, உள்ளே சிறிய குண்டு பல்பு எரியும் மரப்பெட்டி ஒன்றில் கட்டையை வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பதுதான்.

நாண் ஏற்றுமுன் ஒரு பஞ்சுத் துண்டை முதுகின் மேல் இரு திசையிலும் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் சிலாம்பு எழும்பியிருக்கிறது என்று பொருள். அது சிறியதாக இருந்தால் நீர்த்த ஒட்டுப்பசையை உள்ளே இறக்கி, இறுக நூல் சுற்றிக் காயவிடலாம்; நீளமாக ஓடியிருந்தால் வளைப்பதை நிறுத்திவிட்டு, முதுகின் மேல் மூங்கில் பட்டை ஒட்டிய பிறகே வேலையைத் தொடருங்கள்.