கணினிக் கடிகாரமும் ஜிபிஎஸ் நேரமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். கணினி வழியே குறுஞ்செய்திகளை வானொலியில் பரிமாறும் எஃப்டி8 முறையில் தொடர்பு கொள்ளக் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதால், யுஎஸ்பியில் செருகும் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்றை வாங்கி லினக்ஸ் கணினியில் இணைத்திருக்கிறேன். ஆனாலும் இணைய நேரத்தோடு ஒப்பிட்டால் கணினி அரை விநாடிக்கு மேல் பின்தங்கி நிற்கிறது. அந்த வித்தியாசமும் ஒரே அளவில் இல்லை. ரிசீவர் பழுதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ரிசீவர் மீது பழி போட அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் சென்னை வானாய்வகம் கணித்த நேரத்தின்படி, இரவு எட்டு மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும் என்பதால், உங்கள் பேட்டையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருப்பியவர் பத்து விநாடிக்கு மேல் பின்தங்கியிருப்பார். பீரங்கி சரியான நேரத்தில்தான் வெடித்தது. சத்தம் வந்து சேரத்தான் தாமதமாயிற்று. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதான்.

ரிசீவர் ஒவ்வொரு விநாடியும் என்எம்இஏ எனப்படும் எழுத்து வரிகளாக நேரத்தை அனுப்புகிறது. யுஎஸ்பி என்று சொன்னாலும், இத்தகைய ரிசீவர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது பழைய சீரியல் இணைப்புதான். அதன் வேகம் விநாடிக்கு 4800 பிட் என்றால், ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் விநாடிக்கு 480 எழுத்துகள் மட்டுமே போகும். நேரத்தையும் தேதியையும் சொல்லும் ஆர்எம்சி வரியில் சுமார் 70 எழுத்துகள் இருப்பதால், அந்த ஒரு வரி வந்து முடியவே 145 மில்லி விநாடி ஆகிறது. ரிசீவர் கணக்குப் போட்டு முடித்து வரியை அனுப்பத் தொடங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. இதற்கு முன்னால், செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி வரிகளும் வந்தால் நிலைமை இன்னும் மோசம். வரிக்கு நான்கு செயற்கைக்கோள் என்ற கணக்கில், வானில் தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை கூடக் கூட வரிகளும் கூடி, ஆர்எம்சி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. உங்கள் வித்தியாசம் ஒரே அளவில் நிற்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே, முதலில் ரிசீவரின் அமைப்பில் ஆர்எம்சி தவிர மற்ற வரிகளை நிறுத்திவிட்டு, வேகத்தை 9600 அல்லது அதற்கு மேல் உயர்த்துங்கள். பிறகு, கணினிக் கடிகாரத்தைத் திருத்தும் க்ரோனி அல்லது என்டிபி மென்பொருளில் ஜிபிஎஸ்ஸைக் கவனிக்க மட்டும் சொல்லி, கடிகாரத்தைத் திருத்தும் பொறுப்பை தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர் போன்ற ஓர் இணைய மூலத்திடம் ஒரு நாள் விட்டுவையுங்கள். அந்த ஒரு நாளில் ஜிபிஎஸ் சராசரியாக எவ்வளவு பின்தங்குகிறது என்பது பதிவேட்டில் தெரியும்; அதைத் திருத்த அளவாகக் கொடுத்தால் போதும். கொடுத்த பின் பிழை இரட்டிப்பானால், கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எனக்கும் அது நடந்திருக்கிறது.

இவற்றைச் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, ஆர்எம்சி வரியில் நேரத்தை அடுத்து வரும் ஒற்றை எழுத்து. அது ‘ஏ’ என்றால் ரிசீவர் செயற்கைக்கோள்களைப் பிடித்திருக்கிறது. ‘வி’ என்றால் பிடிக்கவில்லை. பிடிக்காத நிலையிலும் சில ரிசீவர்கள் தம் உள்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருக்கும். என்டிபி காட்டும் பட்டியலில் 377 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். கடைசி எட்டு முறையும் பதில் வந்தது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ராயபுரத்தில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஒருமுறை அரை நாள் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், ஆன்டெனா தகரக் கூரைக்கு அடியில் இருந்தது. அதன் இணைப்பு முனையோ உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் அந்த முனையின் மீது ரப்பர் டேப் சுற்றி வைப்பது நல்லது.

இரண்டாவது, ஒரே கணினியில் நேரத்தைத் திருத்தும் இரண்டு மென்பொருள்கள் ஓடுகின்றனவா என்பது. லினக்ஸுடன் வரும் நேரச் சேவை ஒரு பக்கம் இழுக்க, நீங்கள் நிறுவியது மறுபக்கம் இழுக்கும். ஒன்றை நிறுத்திவிடுங்கள்.

சில ரிசீவர்கள் விநாடிக்கு ஒன்றாகத் தரும் பிபிஎஸ் துடிப்பு வேண்டுமா என்றும் கேட்பீர்கள். விநாடி பிறக்கும் கணத்தில் தனிக் கம்பியில் வரும் அந்தத் துடிப்பை, மின்னழுத்தத்தைப் பொருத்தமாக மாற்றி, சீரியல் போர்ட்டின் 1-ஆம் முனையில் கொடுத்தால் மைக்ரோ விநாடி அளவிலான துல்லியம் கிடைக்கும். ஆனால் அது எந்த விநாடி என்று துடிப்புக்குத் தெரியாது. அதற்கு ஆர்எம்சி வரியோ இணையமோ துணை வேண்டும். துடிப்பின் தொடக்கத்துக்குப் பதில் முடிவைக் கணினி எடுத்துக்கொண்டால், துடிப்பின் நீளம் அப்படியே மாறாத பிழையாக நிற்கும். 100 மில்லி விநாடி பிழை அசையாமல் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். எஃப்டி8-இல் 15 விநாடி இடைவெளிக்குள் 12.64 விநாடி ஒலிபரப்பு நடக்கிறது. அதற்குக் கால் விநாடிப் பிழை ஒரு பொருட்டே அல்ல. உங்கள் தேவைக்குத் துடிப்பு வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: என் பழைய ரிசீவர் மணி, நிமிடத்தைச் சரியாகச் சொல்கிறது, தேதியை மட்டும் ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் காட்டுகிறது. மேலும், பல மாதம் கழித்து இயக்கினால் முதல் சில நிமிடங்களுக்கு நேரமும் 2 விநாடி முந்துகிறது.
– வாசகர், எண்ணூர்

பதில்: ஜிபிஎஸ் காலக்கணக்கு 1980 ஜனவரி 6-இல் தொடங்குகிறது. வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே ஒதுக்கியதால், 1024 வாரங்களுக்கு ஒருமுறை எண் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. உங்கள் ரிசீவர் முந்தைய சுற்றிலேயே நிற்கிறது. தயாரிப்பாளர் புதிய மென்பொருள் தந்தால் ஏற்றுங்கள். இல்லையேல் கணினியில் 7168 நாள்களைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல், பூமியின் சுழற்சிக்கு ஈடுகட்ட உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் விநாடியால் வருவது. ஜிபிஎஸ் நேரம் லீப் விநாடியைச் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் இருக்கிறது. ரிசீவர் தன் நினைவில் பழைய 16-ஐ வைத்திருந்தால் 2 விநாடி முந்தும். சரியான எண்ணைத் தாங்கிச் செயற்கைக்கோள் அனுப்பும் செய்தி முழுவதும் ஒரு சுற்று வர 12.5 நிமிடம் ஆகும். கால் மணி நேரம் பொறுத்த பிறகே அதை நம்புங்கள்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் உள்ள கணினியில், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் நேரம் ஐந்தரை மணி மாறுகிறது. ரிசீவரை மாற்ற வேண்டுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டாம். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிக்கின்றன. லினக்ஸ் அமைப்பில், அந்தக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுவதாகக் குறித்துவிடுங்கள்.